துடைத்தால் போகிறதா?

அம்மாவின் பல் செட்டை நான் முதன்முதலாகப் பார்த்தது பேராதனைப் பல் வைத்தியசாலையில், அவரைவிதை மாதிரி வளைந்த ஒரு ஸ்டீல் தட்டில். மேல்வரிசை முழுவதும் கட்டின செட்டு. ஒன்பது வருடமாக அம்மாவின் வாயில் இருக்கிறது. கட்டக் காசு கொடுத்தவன் நான்தான். ஆனாலும் கழற்றி வைத்து ஒருநாளும் கண்டதில்லை. யார் முன்னாலும் அம்மா அதைக் கழற்றமாட்டாள். யாரும் இல்லாதபோதும் கழற்றியதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. படுக்கும்போதும் வாயில்தான். "ராவுல யாராச்சும் வந்து கதவ தட்டினா பொக்க வாயோடயா போயி நிக்கிறது?" என்பது அவள் நியாயம்.

டொக்டர் ஒரு இளம் பெண். கையுறை போட்ட விரலால் செட்டின் உள்பக்கத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, அம்மாவின் வாய்க்குள் டோர்ச் அடித்தார். என்னையும் கிட்ட வந்து பார்க்கச் சொன்னார். மேலண்ணம் செக்கச்சிவந்திருந்தது. செட்டின் ஓரம் எங்கே முடியுமோ அங்கேயே சிவப்பும் முடிந்தது, அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்ததுபோல. அம்மாவுக்கு அது வலிக்கவில்லை. சிவந்திருப்பதே தெரியாது. நாங்கள் வந்தது நாக்கிலும் கன்னத்திலும் இருந்த வெள்ளைக்காக.

நான் ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் 14 வருடமாக வேலை செய்கிறேன். முதலாளிதான் பதிவுபெற்ற மருந்தாளர். நான் கவுண்டரில் நிற்கிறவன். "வாய்ப்புண்ணுக்கு ஏதாச்சும் குடுங்க தம்பி" என்று வராத நாளே இல்லை. கவுண்டரில் நின்று பழகிய பிறகுதான் விளங்கும், வாய்ப்புண் என்பது ஒரு நோயின் பேரே இல்லை. கன்னத்துக்குள் மிளகளவு குழிப்புண் வந்தாலும் வாய்ப்புண், கடைவாய் வெடித்தாலும் வாய்ப்புண், நாக்கில் மாவு பூசினமாதிரி படிந்தாலும், ஈறு வீங்கினாலும், கொச்சிக்காய் பட்டு எரிந்தாலும் அதே பேர்தான். காரணமும் எல்லாருக்கும் ஒன்றுதான்: "வயித்துல புண்ணு, அதான் வாயில காட்டுது." அல்லது சூடு. குளிரில் நடுங்கிக்கொண்டு ஸ்வெட்டரோடு வந்து நிற்கிறவர்களும் உடம்புச் சூடு என்பார்கள். நான் பி கொம்ப்ளெக்ஸ் ஒரு கார்டை எடுத்து நீட்டுவேன். அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. வாயைத் திறக்கச் சொன்னதில்லை. கவுண்டரில் வைத்து ஒருவருடைய வாயைத் திறக்கச் சொல்வது எங்கள் ஊரில் மரியாதையான காரியமில்லை.

இப்போது போனில் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். போன் வெளிச்சத்தில் எல்லார் நாக்கும் வெள்ளைதான். அப்படி வருகிற பத்துப் பேரில் முக்கால்வாசிப் பேருக்கு நாக்கில் இருப்பது வெறும் அழுக்குப் படிவு. காய்ச்சலில் கிடந்து எழும்பினால், வாயால் மூச்சு விட்டால், தண்ணீர் குறைவாகக் குடித்தால், புகைத்தால் நாக்கு அப்படிப் படிந்து போகும். நாக்கு வழித்தால் குறையும். பங்கசு இல்லை. (இந்தியப் புத்தகங்களில் பூஞ்சை என்பார்கள். எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் பங்கசு என்றுதான் படித்தோம், தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் 'பங்கஸ்'.) இன்னும் சிலருக்கு நாக்கில் தீவுபோலச் சிவந்த திட்டுகள், சுற்றிவர வெள்ளை விளிம்பு. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் தீவு வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தொல்லையில்லாத விசயம். அதற்கும் பங்கசு மருந்து வாங்கிப் போனவர்கள் உண்டு. விற்றவன் நான்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பொகவந்தலாவைப் பக்கம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் பாதிப் பிள்ளைகளுக்கு வாய் ஊதா நிறமாக இருக்கும். 'அக்கரம்' வந்த பிள்ளைகள் அவை. கைக்குழந்தையின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிவதற்குத் தமிழில் இருக்கிற பழைய சொல் அது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஜென்சியன் வயலட் தடவி அனுப்புவார்கள். தாய்மாரின் சேலைத் தலைப்பிலும் அந்த ஊதா இருக்கும், எத்தனை துவைத்தாலும் போகாது. அதற்கு முந்திய காலத்தில் வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவினார்கள் என்று அப்பாயி சொல்லும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் ஆபத்து என்று இப்போது நான் கவுண்டரில் சொன்னால், என்னை ஊர் வழக்கம் தெரியாதவன் என்று பார்க்கிறார்கள்.

ஆனால் அந்தக் கிழவிகளுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. பிள்ளையின் நாக்கு வெள்ளையாக இருந்தால் உடனே அக்கரம் என்று சொல்லமாட்டார்கள். விரலில் சுத்தமான துணியைச் சுற்றித் துடைத்துப் பார்ப்பார்கள். பால் படிந்ததென்றால் லேசாகத் துடைத்ததும் போய்விடும், அதுவும் நாக்கில் மட்டும்தான் இருக்கும். அக்கரம் கன்னத்துக்குள்ளும் உதட்டுக்குள்ளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தித் துடைத்தால் வருகிற இடத்தில் சிவந்து, சில சமயம் பொட்டு ரத்தமும் தெரியும். பேராதனையில் அந்த டொக்டர் அம்மாவின் வாயில் செய்த முதல் சோதனை இதேதான். துணிக்குப் பதிலாக கோஸ் என்கிற மருத்துவ வலைத்துணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கே போய்ச் சேர எங்களுக்கு ஐந்து மாதம் எடுத்தது.

முதலில் அம்மா சம்பல் தின்பதை விட்டாள். ரொட்டிக்குச் சம்பல் இல்லாமல் என் அம்மா சாப்பிட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போனில் கேட்டால் "ஒரப்பு ஒத்துக்க மாட்டேங்குது" என்றாள். பி கொம்ப்ளெக்ஸ் அனுப்பினேன். கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்திருக்கிறது என்றாள். அதற்கும் அதையே தின்னச் சொன்னேன். முழுக்கப் பிழை என்று சொல்ல முடியாது. பி வகை உயிர்ச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்தால் கடைவாய் வெடிக்கும். கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு ரத்தம் குறைவு என்பது எங்களுக்குப் புதினமில்லை. சோறு தின்ற கையோடு சாயத்தண்ணி குடிக்கிற பழக்கம் வேறு. தேயிலைச் சாயம் சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பில் சேரவிடாது. ஆனால் கடைவாய் வெடிப்பில் பங்கசும் குடியிருக்கும், சில வேளை பக்டீரியாவும் சேர்ந்திருக்கும். பல் போய்த் தாடை ஒடுங்கினவர்களுக்குக் கடைவாயில் மடிப்பு விழுந்து எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், அந்த ஈரம் அதற்குப் போதும். இது எதையும் நான் யோசிக்கவில்லை.

பிறகு குளிர் கூடி அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்தது. ஒரு தனியார் டிஸ்பென்சரியில் ஒரு கிழமைக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். இருமல் குறைந்தது, வாய் பற்றி எரிந்தது. "பச்ச எறச்சி மாதிரி இருக்குடா நாக்கு" என்றாள். வெள்ளை இல்லையே, சிவப்புத்தானே, அப்படியென்றால் பங்கசு இல்லை என்று நான் எனக்குள் முடிவுகட்டிக்கொண்டேன்.

இந்தப் பிழைக்கு அந்தக் கிருமியின் பேரும் ஒரு காரணம் என்பேன். கண்டிடா அல்பிகன்ஸ். கண்டிடா என்ற பேரை 1923இல் வைத்தவர் கிறிஸ்டின் பெர்க்கௌட் என்ற பெண் ஆராய்ச்சியாளர். இலத்தீனில் அதற்கு வெள்ளை என்று பொருள். அல்பிகன்ஸ் என்றாலும் வெளுப்பாவது என்றுதான் பொருள். வெள்ளைக்கு மேல் வெள்ளை. பேரைக் கேட்டவன் வெள்ளையைத்தான் தேடுவான். ஆனால் அன்டிபயோட்டிக் குடித்த பிறகு வருகிற வகை, பல் செட்டுக்கு அடியில் வருகிற வகை, நாக்கின் நடுவில் வழவழவென்று மொட்டையாகத் தெரிகிற வகை எல்லாம் பெரும்பாலும் சிவப்புத்தான். வாயில் இருக்கிற நல்ல பக்டீரியாக்கள் இந்த மதுவத்தை, அதாவது ஈஸ்ட் வகைப் பங்கசை, ஒரு மூலையில் அடக்கி வைத்திருக்கின்றன. அன்டிபயோட்டிக் அவற்றைக் கொன்றுவிட்டால் இது தலையெடுக்கிறது. தரிசு விழுந்த மலையில் மானாப்புல் ஏறுகிற மாதிரி.

சிவப்புக்குப் பிறகு வெள்ளை வந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினாள் தங்கச்சியின் மகள். உடனே நிஸ்டட்டின் என்ற பங்கசுச் சொட்டு மருந்து ஒரு போத்தல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். பத்து நாளில் குறைந்தது. இரண்டு கிழமையில் திரும்ப வந்தது. இரண்டாவது போத்தல் அனுப்பினேன். திரும்பவும் அதே கதை.

நிஸ்டட்டின் பற்றி ஒரு விசயம் சொல்லாமல் போக மனமில்லை. 1950இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள். ஒருவர் நியூயோர்க் நகரத்திலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்தார்கள். மண்ணில் இருந்து பிரித்தெடுத்த மாதிரிகளைத் தபாலில் அனுப்பி அனுப்பித்தான் வேலை நடந்தது. கடைசியில் மருந்து கிடைத்தது வேர்ஜீனியாவில் ஒரு பால் பண்ணை மண்ணில். நியூயோர்க் மாநிலத்தின் பேரைச் சுருக்கித்தான் நிஸ்டட்டின். மண்ணில் வாழ்கிற ஒரு சின்ன உயிர் தன் பக்கத்து உயிரைக் கொல்ல வைத்திருந்த சரக்கு அது. நல்ல மருந்து. ஆனால் வாயில் பட்டால்தான் வேலை செய்யும். நாக்கில் விட்டு, வாய் முழுக்கச் சுழற்றி, முடிந்தவரை வைத்திருந்து, பிறகுதான் விழுங்க வேண்டும். அம்மா அதைப் பனிக்காலத்துத் தடிமல் மருந்து மாதிரி ஒரே மடக்கில் விழுங்கியிருக்கிறாள், அதுவும் செட்டைக் கழற்றாமல். எப்படிக் குடிப்பது என்று நான் எழுதி அனுப்பவில்லை. 14 வருடம் கவுண்டரில் நின்றவன்.

மூன்றாவது போத்தலுக்கு முன் பக்கத்து லயத்துப் பெரியம்மா ஒருத்தி சொல்லிவிட்டாள், "வெத்தல போடுற வாயி, கேன்சரா இருக்கும்டி." எங்கள் சொந்தத்தில் ஒருவர் கன்னத்தில் வந்து போயிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா சோறும் சரியாகத் தின்னவில்லை. போயா லீவுக்கு வீட்டுக்குப் போனேன். வாசல் இஸ்தோப்பில் உட்காரவைத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கில் தயிர் சிந்தின மாதிரி. இரண்டு கன்னத்தின் உள்ளேயும், வாய் ஓரத்தை ஒட்டின இடத்தில், வேறொரு விதமான வெள்ளை. அது வேறு விதம் என்பதை இப்போதுதான் சொல்ல முடிகிறது. அன்றைக்கு எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது.

ஹட்டனில் விடிகாலை பஸ் எடுத்தால் வட்டவளை, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி பேராதனை. அம்மா வழி நெடுகச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். குமட்டலுக்கு என்று நினைத்தேன்.

டொக்டர் சிங்களவர். உடைந்த தமிழில் கதைத்தார், மிச்சத்தை நான் சிங்களத்தில் சொன்னேன். முதல் கேள்வியே "பல் கட்டினதா? கழட்டுங்க அம்மா" என்பதுதான். அம்மா என்னைப் பார்த்தாள். "நோனா, மகன் நிக்கிறான்" என்றாள். டொக்டருக்கு விளங்கியது. என்னைத் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்து நிற்கச் சொன்னார். ஐந்து மாதமாக டிஸ்பென்சரியிலும் நானும் எத்தனையோ மருந்து கொடுத்திருக்கிறோம். ஒருவரும் அதைக் கழற்றச் சொன்னதில்லை.

பிறகு கோஸ் எடுத்துத் துடைத்தார். நாக்கில் இருந்த தயிர் வழிந்து வந்தது, அடியில் சிவப்பு. மேலண்ணம் சிவந்தே கிடந்தது. கன்னத்தின் ஓரத்தில் துடைத்தார். வரவில்லை. இன்னொருதரம், கொஞ்சம் அழுத்தி. வரவில்லை. டொக்டரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறவில்லை, ஆனால் அவர் கோஸை வைத்துவிட்டு விரலை உள்ளே விட்டு அந்த இடத்தை நசுக்கிப் பார்த்தார், கல்லுமாதிரி இருக்கிறதா மெத்தென்று இருக்கிறதா என்று. கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவினார். மூன்று விரலைச் சேர்த்துப் பல் வரிசைகளுக்கு இடையில் நிமிர்த்தி வைக்க முடிகிறதா பார்த்தார். பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்துச் சதை நார்பிடித்து இறுகி வாய் திறப்பது குறைந்துபோகும். அம்மாவுக்கு மூன்று விரல் போனது.

துடைத்தால் போகிற வெள்ளைக்கும் போகாத வெள்ளைக்கும் நடுவில் ஒரு மலை தூரம் இருக்கிறது. போகிற வெள்ளை பெரும்பாலும் பங்கசு, செத்த தோல், சாப்பாட்டு மிச்சம். போகாத வெள்ளை பல விதமாக இருக்கலாம். பூவேலை செய்த வலைபோலக் கோடு கோடாக இருந்தால் லைக்கன் பிளானஸ் என்று ஒரு நோய். உடைந்த பல் உரசி உரசித் தடித்த தோலாக இருக்கலாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டால் வருகிற வெண்படலமாக இருக்கலாம், அதில் ஒரு பங்கு பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியது. பங்கசே ஆழமாக இறங்கித் தோலைத் தடிக்க வைத்திருக்கவும் கூடும். அந்தப் பங்கசு வகை பெரும்பாலும் வாய் ஓரத்தின் உட்பக்கம்தான் வரும். அதுவும் துடைத்தால் போகாது. கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது என்று டொக்டர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது.

பிறகு கேள்விகள். வெற்றிலை எவ்வளவு? புகையிலை உண்டா? அம்மா சுருக்குப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு "கொஞ்சம்" என்றாள். 40 வருடமாகக் கொஞ்சம். மலையில் நிற்கும்போது குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. அட்டை கடித்தால் வைக்கச் சுண்ணாம்பும் அதே பைக்குள். இழுப்புக்கு என்ன பாவிக்கிறீர்கள்? இரண்டு பம்ப், நீலம் ஒன்று, மண்ணிறம் ஒன்று. மண்ணிறப் பம்ப் அடித்த பிறகு வாய் கொப்பளிக்கிறீர்களா? இல்லை. அது ஸ்டீரொயிட். தொண்டையிலும் நாக்கிலும் படிந்து அந்த இடத்துக் காவலைத் தளர்த்திவிடும். பம்ப் அடித்ததும் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பினால் போதும். மாதா மாதம் அந்தப் பம்பைப் பையில் போட்டுக் கொடுக்கிறவன் நான். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? சொன்ன ஞாபகமே இல்லை.

கடைசியாக "சீனி வருத்தம் இருக்கா?" என்றார். இல்லை என்றோம். சோதித்துப் பார்த்தீர்களா என்றார். இல்லை.

அன்றைக்கே நாக்கிலும் மேலண்ணத்திலும் இருந்து சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசினார்கள். வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கொடுத்து அதையும் ஒரு குப்பியில் வாங்கினார்கள். கண்ணாடித் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உருண்டை உருண்டையாக மொட்டுவிடும் மதுவக் கலங்கள் தெரியும். அவை மட்டும் தெரிந்தால் பெரிய விசயமில்லை. நூல் மாதிரி நீண்ட இழைகளும் சேர்ந்து தெரிந்தால்தான் அது சும்மா குடியிருக்கவில்லை, உள்ளே நுழையப் பார்க்கிறது என்று சந்தேகம் வலுக்கும். குப்பியில் போனது சபரோ என்ற பிரெஞ்சுத் தோல் வைத்தியரின் பேரில் வழங்குகிற வளர்ப்பூடகத்தில் வைக்கப்படும், ஒன்றிரண்டு நாளில் வெண்ணெய் நிறத்தில் குடியிருப்புகள் எழும்பும். அதில் கொஞ்சத்தை எடுத்துக் குருதித் தெளியத்தில் 37 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்தால் அல்பிகன்ஸ் ஒரு சின்ன முளைக்குழாய் விடும், பயறு முளைவிட்ட மாதிரி. மற்றக் கண்டிடா வகைகள் பொதுவாக அப்படி விடாது. எந்த வகை என்று தெரிவது முக்கியம், சில வகைகளுக்கு வழக்கமான மாத்திரை கேட்காது.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆரோக்கியமான ஆட்களிலும் பெரும் பங்கினர் வாயில் கண்டிடாவைச் சும்மா வைத்துக்கொண்டுதான் திரிகிறார்கள். என் வாயைக் கொப்பளித்து வளர்த்தாலும் முளைக்கலாம். ஆகவே 'வளர்ந்தது' என்ற ரிப்போட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நோய் என்று சொல்லக்கூடாது. வாயில் தெரிகிறதும் ஆய்வுகூடத்தில் தெரிகிறதும் பொருந்த வேண்டும். ரிப்போட்டைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வருகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. கடுதாசியில் இருந்தால் உண்மை என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை.

இந்தச் சின்ன மதுவத்தை ஆராய்ந்தே உலகம் அறியப் பேர் எடுத்தவர்களில் ஒருவர், லக்ஷ்மன் சமரநாயக்க, இதே பேராதனையில் பல் மருத்துவம் படித்தவர் என்று பிறகு வாசித்தேன். கிளாஸ்கோவிலும் ஹொங்கொங்கிலும் வேலை செய்திருக்கிறார். பஸ்ஸில் மூன்று மணித்தியாலத்துக்கும் குறைந்த தூரம்தான் எங்களுக்கு. ஐந்து மாதம் எடுத்துக்கொண்டோம்.

ரிப்போட் வந்தது. இழைகள் இருந்தன, அல்பிகன்ஸ்தான். இரத்தச் சோதனையும் வந்தது. வெறும் வயிற்றில் சீனி 214. நீரிழிவு என்று சொல்ல 126 போதும். எவ்வளவு காலமாக இருந்ததோ. அம்மா ராவில் நாலு தரம் எழும்பி வெளியே போவதைக் குளிர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சீனி ஏறின எச்சிலில் பங்கசு செழிக்கும், உடம்பின் எதிர்ப்பும் தளரும். நான் அனுப்பின ஒவ்வொரு போத்தலும் பங்கசைக் கொஞ்சம் கொன்றது. பின்னால் இருந்து சீனியும், பம்பும், கழற்றாத செட்டும் அதற்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தன.

பங்கசு மாத்திரை இரண்டு கிழமைக்கு எழுதினார். செட்டை ஒவ்வொரு ராவும் கழற்றிப் பிரஷும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, ஊறவைக்க வேண்டும். கன்னத்து வெள்ளையை உடனே வெட்டவில்லை, முதலில் பங்கசைத் துடைத்தெடுத்துவிட்டுப் பார்ப்போம் என்றார். பங்கசு இருக்கும்போதே சதை எடுத்தால் அந்த அழற்சியே கலங்களைக் கோணல்மாணலாகக் காட்டி, கெட்ட மாற்றமோ என்று குழப்பிவிடுமாம்.

இரண்டு கிழமையில் நாக்கு சுத்தமானது. மேலண்ணம் வெளிறியது. வலது கன்னத்து வெள்ளை கரைந்துவிட்டது. இடது கன்னத்தில் கொஞ்சம் மிச்சம். அதில் ஒரு சின்னத் துண்டு எடுத்தார்கள். அடுத்த சில நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அம்மா சுருக்குப்பையை அடுப்படி மேல் தட்டில் தூக்கி வைத்தாள் என்று மட்டும் சொல்கிறேன். புகையிலை சேர்க்காமலே பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்த விசயத்தை நான் அவளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், அப்போதெல்லாம் வைக்கவில்லை.

முடிவில் எழுதியிருந்தது: பங்கசு இழைகள் தோலின் மேலடுக்குக்குள் செங்குத்தாக இறங்கியிருக்கின்றன, கலங்களில் லேசான மாற்றம், புற்றுநோய் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்ட வேண்டும். டொக்டர் அளவு கோல் வைத்து அந்த இடத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

இப்போது கவுண்டரில் நான் கொஞ்சம் தொல்லை பிடித்தவன். மண்ணிறப் பம்ப் வாங்குகிறவர்களிடம் கொப்பளிக்கச் சொல்லாமல் மிச்சக்காசு கொடுப்பதில்லை. நிஸ்டட்டினும் குளோர்ஹெக்சிடின் வாய்கழுவியும் ஒன்றாக எழுதின துண்டு வந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் பாவிக்காதீர்கள், ஒன்றை ஒன்று கெடுக்கும் என்று எழுதிக் கொடுக்கிறேன். மைக்கனசோல் ஜெல் கேட்டு வந்தால் வோஃபரின் குடிக்கிறீர்களா என்று கேட்கிறேன். வாயில் பூசுகிற ஜெல்தானே என்று இளக்காரமாக நினைக்கக்கூடாது, இரத்தம் உறையாமல் இருக்க அந்த மருந்து குடிக்கிறவருக்கு ஆபத்தான இரத்தப்பெருக்கை உண்டாக்கிவிடும். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால், வயது குறைந்த ஆளுக்குக் காரணமே இல்லாமல் வெள்ளை படிந்தால், சொட்டு மருந்தோடு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன். எச்.ஐ.வி.யும் சில வேளை முதலில் வாயில்தான் முகம் காட்டும். அந்தச் சோதனையைச் செய்து பார்ப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணுக்கும், முக்கியமாகச் சிவப்புத் திட்டுக்கும், நான் மருந்து கொடுப்பதில்லை. முதலாளிக்கு இதில் அவ்வளவு சந்தோசமில்லை. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாயில்தான் என்று ஒருநாள் சொன்னேன். அவரும் வெற்றிலை போடுகிறவர். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

வாயைப் பார்க்க டொக்டர்தான் வேண்டும் என்றும் இல்லை. அடிப்படைச் சுகாதார ஊழியர்களுக்குப் பழக்கிவிட்டால் அவர்களே வாயைப் பார்த்துச் சந்தேகமானதை அடையாளம் கண்டு அனுப்பலாம் என்று இலங்கையிலேயே செய்து காட்டி, 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் லயத்துப் பக்கம் அப்படி யாரும் டோர்ச்சோடு வந்ததாக அம்மாவுக்கு ஞாபகமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னல் கட்டையில் ஜேம் போத்தலில் செட்டு ஊறிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அம்மியில் சம்பல். கேன்சர் என்று சொன்ன அந்தப் பெரியம்மா இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஏதோ தடிப்பாக இருக்கிறதாம், மூன்று மாதமாக. "தம்பிகிட்ட காட்டு" என்றாள் அம்மா. பெரியம்மா தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் குந்தினாள். "என்னாடி வெக்கம்? இந்தா பாரு, எனக்கு மேல ஒரு பல்லுமில்ல" என்று வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

பெரியம்மா சிரித்துவிட்டார். சிரித்த வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்தேன். இடது கன்னத்தின் உள்ளே, கட்டைவிரல் நகமளவு வெள்ளை. பையில் கொண்டுபோயிருந்த கோஸைப் பிரித்துத் துடைத்தேன். இன்னொருதரம் துடைத்தேன்.

போகவில்லை.

ஹட்டனில் இருந்து பேராதனைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டில் எழுதி, பெரியம்மாவின் மகனிடம் கொடுத்தேன். நானும் வருகிறேன் என்றேன்.